வீட்டுக் கொம்பியூட்டருக்கு பேக்கப் மென்பொருள் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

தேவையில்லை. பேக்கப் என்றால் உங்கள் கோப்புகளின் இன்னொரு பிரதி வேறொரு டிஸ்க்கில் இருப்பது, அவ்வளவுதான். எந்த ஹார்ட் டிஸ்க்கும் ஒருநாள் பழுதாகும். கரண்ட் போய்ப் போய் வந்தால் அந்த நாள் இன்னும் கிட்ட வரும். வன்னியில் விதைநெல்லைச் சாப்பாட்டு நெல்லோடு ஒரே மூட்டையில் கட்டுவோமா? அதே கணக்குத்தான்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கோப்புகளைத் தானாகப் பிரதி எடுக்கும் ‘ஃபைல் ஹிஸ்டரி’ வசதி இலவசமாகவே இருக்கிறது. படங்கள், ஆவணங்களுக்கு அது போதும். முழு டிஸ்க்கையும் அப்படியே பிரதி எடுக்க குளோன்சில்லா என்ற மென்பொருள் இருக்கிறது. அதுவும் இலவசம், ஆனால் திரையைப் பார்த்தால் கொஞ்சம் மிரட்டும். மிச்சக் காசுக்கு நல்ல வெளி டிஸ்க் வாங்குங்கள். எடுத்து முடிந்ததும் கழற்றி அலுமாரியில் வையுங்கள், வைரஸ் அதற்குள் போகாது. இடைக்கிடை ஒரு படத்தை மீட்டுத் திறந்தும் பாருங்கள்.

அப்புறம், ‘டி’ டிரைவில் பிரதி வைத்தால் பேக்கப் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது அதே டிஸ்க்கின் இன்னொரு பகுதி, போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.