64 கிலோபிட் 13 ஆவது எப்படி?

கேள்வி: லேண்ட்லைன் குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட், ஜிஎஸ்எம் செல்போனுக்கு 13 போதுமாமே, எப்படி?

பதில்: 64 என்பது நொடிக்கு 8,000 மாதிரிகள் (குரல் அலையின் உயரத்தை அளந்த எண்கள்), மாதிரிக்கு 8 பிட். ஜிஎஸ்எம்மின் ஃபுல்ரேட் கோடெக், அதாவது குரலைச் சுருக்கி விரிக்கும் முறை, 20 மில்லிசெகண்ட் பேச்சை, அதாவது 160 மாதிரிகளை, ஒரு துண்டாக எடுத்துக்கொள்கிறது. அந்நேரம் வாயும் தொண்டையும் இருந்த வடிவம் 8 எண்களாகி 36 பிட்டில் அடங்கிவிடும். பிறகு துண்டை நாலாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் 56 பிட்: இதே அலை எத்தனை மாதிரிக்கு முன்பு, எந்த அளவில் வந்தது என்பதற்கு 9, இவற்றை வைத்து அலையை ஊகித்தும் பிடிபடாத மிச்சத்துக்கு 47. மொத்தம் 260 பிட், நொடிக்கு 50 துண்டு. கணக்கு சரியாக 13,000!

செலவில் பெரும்பங்கு அந்த மிச்சத்துக்குத்தான். அதை அடியோடு விட்டுவிட்டு 2.4 கிலோபிட்டுக்கு இறங்கிய எல்பிசி-10 கோடெக்கில் சொல் புரியும், ஆனால் ரோபோ பேசுவதுபோல் இருக்கும். ஒற்றைக் குரலை நம்பிச் செய்த கணக்கு என்பதால், ஹோல்டில் வரும் இசையும் பாடாய்ப் படுகிறது.

கேள்வி: இணையம் வழி பேசும் ஐபி போனில் 8 கிலோபிட் ஜி.729 கோடெக் போட்டும் 24 கிலோபிட் ஓடுகிறதே?

பதில்: பேச்சு பாக்கெட் எனும் சிறு பொட்டலங்களாகப் போகிறது. ஒரு பாக்கெட்டில் 20 மில்லிசெகண்ட் பேச்சு வெறும் 20 பைட், அதன்மேல் முகவரிச்சீட்டுபோல் ஏறும் ஐபி, யுடிபி, ஆர்டிபி தலைப்புகள் 40 பைட். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! பாக்கெட்டை 40 மில்லிசெகண்ட் ஆக்கினால் 16 கிலோபிட் ஆகும். ஆனால் தாமதம் 20 மில்லிசெகண்ட் கூடும். ஒரு பாக்கெட் தொலைந்தால் அசையே விழுங்கப்படலாம். தலைப்பைச் சுருக்கும் வசதி ரவுட்டரில் இருந்தால் முதலில் அதைப் போடுங்கள். இணைப்பின் இரு முனையிலும் போட வேண்டும்.