கொம்பு பெருக வேண்டுமானால் இரண்டு வயதில் விற்காதீர்கள்

கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஐந்து ஏக்கரில் ரூசா மான் வளர்க்கிறேன். பெண்மான் 32, ஆண்மான் 14 இருக்கின்றன, குட்டிகள் தனி. நேப்பியர் புல்லும் செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கும் கொடுக்கிறேன். ஆண்மான்களுக்குக் கிளையில்லாத குச்சிக் கொம்புதான் பெரும்பாலும் வருகிறது. சென்ற ஆண்டு இரண்டு, சண்டையில் குத்துப்பட்டுச் செத்தன. ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் சதை பிடித்த இளம் ஆண்களை விற்றுவிடுகிறேன். காட்டுக் கடமானைப் பிடித்து வந்து இனம் சேர்த்தால் கொம்பு பெருகும் என்கிறார் ஒரு நண்பர். பக்கத்து நிலத்துக்காரர் தம் செம்மறிகளை என் வேலிக்குள் மேயவிடலாமா என்று கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, செம்மறியை முதலில் பேசிவிடுவோம், அது காத்திருக்காது. தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். செம்மறியின் உடலில் ஒருவகை ஹெர்பஸ் கிருமி எந்த நோயும் காட்டாமல் குடியிருக்கும். அதே கிருமி மானுக்குத் தொற்றினால் கடும் காய்ச்சல் வரும், மூக்கும் கண்ணும் ஒழுகும், கண் வெண்படலம் பூக்கும், கழிச்சல் காணும். பெரும்பாலும் சில நாட்களிலேயே மான் செத்துவிடும். குணப்படுத்தும் மருந்து கிடையாது. ரூசா மான் இதற்கு மிக எளிதில் பலியாகும் இனம். பால்குடி மறந்த இளம் செம்மறிகளே கிருமியை அதிகம் வெளியேற்றுகின்றன என்பதால், குட்டிகள்தானே என்று இரங்கிவிடவும் வேண்டாம். இப்போது வேலியின் இருபுறமும் முகம் உரசிக்கொள்ளும் நிலை இருந்தால், உள்ளே தள்ளி இரண்டாவது வேலி போடுங்கள். அவருடைய வாளி, தொட்டி எதையும் வாங்கிப் பயன்படுத்தாதீர்கள்.

கொம்புக்கு வருகிறேன். உங்கள் கேள்வியிலேயே காரணம் இருக்கிறது: பெருநாள் விற்பனை. ரூசா ஆணுக்கு முதல் கொம்பு ஒரு வயதையொட்டி வரும். எவ்வளவு உயர்ந்த வம்சமானாலும் அது கிளையில்லாத குச்சிதான். அடுத்தடுத்து விழுந்து முளைக்கும் கொம்புகளில்தான் கிளை பிரியும். முழு வளர்ச்சி கண்ட ஆணுக்குப் பக்கத்துக்கு மூன்று முனைகள் இருக்கும். உடம்பு வளரும் வயதில் தின்பதெல்லாம் எலும்புக்கும் சதைக்குமே போய்விடுகிறது. அது முடிந்த பிறகே கொம்புக்கு மிச்சம். ஐந்து, ஆறு வயதை எட்டாத ஆணிடம் முழுக் கொம்பை எதிர்பார்க்க முடியாது. நீங்களோ வேகமாக வளர்வதை இரண்டு வயதில் லோரியில் ஏற்றிவிட்டு, இறைச்சிக் கடைக்காரர் ஒதுக்கியதை வைத்துக்கொண்டு குட்டி எடுக்கிறீர்கள். இப்படி நடந்தால் எந்தத் தீவனமும் கைகொடுக்காது.

இந்த ஆண்டிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் காதில் எண் வில்லை மாட்டி, பிறந்த மாதத்தையும் தாயின் எண்ணையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். மூன்றாவது கொம்பு வரும்வரை எந்த ஆணையும் நல்லது, கெட்டது என்று தீர்க்காதீர்கள். 32 பெண்களுக்கு இரண்டு பொலிகிடாக்கள், அதாவது இனம் சேர்க்க விடும் ஆண்கள், போதும். அவற்றைத் தனித்தனிப் பிரிவில், பங்கிட்ட பெண்களோடு விடுங்கள். வளரும் ஆண்களில் ஐந்தாறை மட்டும் நிறுத்திக்கொண்டு, நொண்டியையும் நோஞ்சானையும் விற்கலாம். பொலிகிடாவை, அதன் மகள்கள் இனம் சேரும் வயதை எட்டும் முன்பே மாற்றாவிட்டால் அது தன் மகள்களோடேயே சேர்ந்துவிடும்.

பெண்மான்களையும் குறைக்கத்தான் வேண்டும். பெண்ணை விற்க யாருக்கும் மனம் வருவதில்லை, எனக்குப் புரிகிறது. ஆனால் ஆணுக்குப் போகவேண்டிய புல்லைத் தின்பவை அவைதாம். இரண்டு ஆண்டுகளாகக் குட்டி போடாதவை, பல் தேய்ந்தவை முதலில் போகட்டும். எத்தனையை வைத்துக்கொள்ளலாம் என்பதற்குப் புல்லே கணக்கு: நிலத்தை நான்காகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்த்தும் கணுக்காலுக்குக் கீழே மொட்டையாகவே கிடந்தால், மான் இன்னும் அதிகம்தான்.

தீவனத்தில் ஒரு குறை இருக்கிறது. செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கில் புரதம் சுமார் 16 விழுக்காடு, அது போதும். ஆனால் அதில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. கொம்பு எலும்புதான், சுண்ணாம்பு போதாவிட்டால் மான் தன் விலா எலும்பிலிருந்து எடுத்துக் கொம்புக்குக் கொடுக்கும், கொம்பும் மெலியும், உடம்பும் இளைக்கும். கிலோ பிண்ணாக்குக்கு 10 முதல் 15 கிராம் வரை சுண்ணாம்புக்கல் தூள் கலந்து வையுங்கள், உப்புக் கட்டியும் தொங்கட்டும். நேப்பியரை ஆறு வாரத்தில் வெட்டுங்கள். இரண்டு மாதம் தாண்டினால் தண்டு மரம்போல் இறுகிவிடும். தொட்டிகளை ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி வைத்தால்தான் இளைய ஆண்களுக்கும் வாய் எட்டும்.

சண்டை பற்றி. குளிர்நாட்டு மான் வளர்ப்புக் குறிப்புகளைப் படித்து, ஒரே பருவத்தில்தான் எல்லாம் நடக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே பகல் நீளம் குறையும்போது மந்தை முழுவதும் ஒன்றாக மதம் கொள்ளும். ரூசா ஜாவா, பாலித் தீவுகளின் மான். நம் வெயிலில் ஆண்டு முழுவதும் குட்டி போடும், ஒவ்வோர் ஆணும் தன் கணக்கில் கொம்பை உதிர்க்கும். அதனால் இறுகிய கொம்புள்ள ஒன்றும், ரோமத்தோல் போர்த்திய இளங்கொம்பு முளைத்த ஒன்றும் ஒரே வேலிக்குள் நிற்கும்; இளங்கொம்புக்காரன்தான் குத்துப்படுவான். கொம்பில் புல்லையும் கொடியையும் சுற்றிக்கொண்டு ஓர் ஆண் திரியத் தொடங்கினால் மதம் ஏறிவிட்டது என்று பொருள். அதை அன்றே பிரித்துவிடுங்கள். கால்நடை மருத்துவரை வைத்து, இறுகிய கொம்பை அடியில் சிறிது விட்டு அறுத்துவிடலாம். அது செத்த எலும்பு, வலிக்காது. இளங்கொம்பில் ரத்தமும் நரம்பும் ஓடுகின்றன. மயக்க மருந்தில்லாமல் அதை யாரும் தொடக்கூடாது. புட்டிப்பால் கொடுத்து வளர்த்த ஆண் இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். மனிதரிடம் அச்சமில்லாததால் மதம் ஏறும்போது அதுதான் முதலில் ஆளைக் குத்தும்.

குட்டிகளுக்காக வேலியோரம் நீளப்புல் பட்டை ஒன்று வெட்டாமல் நிற்கட்டும். பிறந்த குட்டி முதல் நாட்களில் அசையாமல் படுத்து மறைந்திருக்கும். தாய் கைவிட்டதாக நினைத்துத் தூக்கி வராதீர்கள். வேலியின் அடிப்பகுதி தரையோடு இறுகியிருக்கிறதா என்று பாருங்கள், தோட்டத்து நாய்கள் அந்த வழியாகத்தான் நுழையும். மான் இளைத்து, சோகை பிடித்து, காய்ச்சல் விட்டுவிட்டு வந்தால் மாட்டு ஈ கடித்துப் பரப்பும் ‘சுர்ரா’ என்னும் ரத்த ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம்; கோலகங்சார் மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் சொல்லி ரத்தம் சோதியுங்கள்.

கடமான் யோசனையை விட்டுவிடுங்கள். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். வரும் பெருநாளுக்குக் கடைக்காரர் கேட்டால் அந்தப் பல் தேய்ந்த பெண்மான்களையும் நோஞ்சான் ஆண்களையும் காட்டுங்கள். விலை சற்றுக் குறைவாகத்தான் கேட்பார். அதற்குச் சம்மதித்து, அவர் கை காட்டும் அந்த இரண்டு வயது ஆணுக்குக் காதில் வில்லை மாட்டுங்கள்.