மாதிரித் தேர்வில் 2,290: அந்த எண்ணை நம்பிப் பணம் கட்டலாமா?

மருத்துவ நுழைவுத் தேர்வுகளைப் பற்றி இந்த முறை நான்கு கடிதங்கள். எழுதியவர்கள் எல்லாரும் கோலாலம்பூர்க்காரர்கள். ஆளுக்கொரு தேர்வு என்றாலும் முதல் மூன்று பேரின் கவலை ஒன்றுதான்: மாதிரித் தேர்வில் வரும் மதிப்பெண் உண்மையான தேர்விலும் வருமா? நான்காமவர் அந்தக் கவலையைத் தாண்டி, கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டு நிற்கிறார்.

கேள்வி: என் மகன் ஏ-லெவல் படிக்கிறான். இங்கிலாந்தில் மருத்துவம் படிக்க யூகேட் தேர்வு எழுதப் போகிறான். ஒரு பயிற்சி மையத்தில் 10 மாதிரித் தேர்வுகளுக்கு 1,800 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார்கள். முதல் நான்குக்கு மட்டும் கட்டினோம். முதல் தேர்வில் 1,840 வாங்கினான், நான்காவதில் 2,290. "பத்தில் ஒன்பது மாணவர்களுக்கு எங்கள் மதிப்பெண்ணும் உண்மையான மதிப்பெண்ணும் 50 புள்ளிக்குள் ஒத்துப்போகும்" என்று துண்டறிக்கையில் போட்டிருக்கிறார்கள். மீதி ஆறுக்கும் கட்டிவிடலாமா ஐயா?
— ஒரு தாய், செந்தூல்

பதில்: அம்மா, கட்டுவதற்கு முன் மையத்திடம் ஓர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் மகன் எழுதிய அந்த நான்காவது தேர்வை இதுவரை எழுதிய எல்லா மாணவர்களின் சராசரி மதிப்பெண் என்ன?

யூகேட் நடத்தும் அமைப்பு ஒவ்வோர் ஆண்டும் சராசரியை வெளியிடுகிறது. 2025-இல் மொத்தம் 2,700-க்குச் சராசரி 1,891. மையத்தின் சராசரி இதற்கு அருகில் இருந்தால், 2,290 என்பது உண்மையிலேயே உயர்ந்த மதிப்பெண். அங்கே எல்லாருமே 2,150, 2,200 என்று வாங்கிக்கொண்டிருந்தால், உங்கள் மகன் கூட்டத்தைவிடச் சற்றே மேலே இருக்கிறான், அவ்வளவுதான். பணம் கட்டிப் பயிற்சிக்கு வருகிறவர்கள் பொதுச் சராசரியைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடுப்பது இயல்பு, அதற்கு இடம் கொடுக்கலாம். அதற்கும் மேல் வெகுவாகக் கூடியிருந்தால், வினாத்தாள் எளிது அல்லது மதிப்பெண் போடும் அட்டவணை தாராளம் என்று பொருள்.

அந்த அட்டவணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். யூகேட்டில் சரியான விடைகளின் எண்ணிக்கையை அப்படியே மதிப்பெண்ணாகத் தருவதில்லை. மொழித் திறன், முடிவெடுக்கும் திறன், கணக்குத் திறன் ஆகிய மூன்று பகுதிகளிலும் அதை 300 முதல் 900 வரையிலான அளவுக்கு மாற்றித் தருகிறார்கள். எந்த வினாத்தாளுக்கு எப்படி மாற்றுவது என்பதைத் தேர்வு அமைப்பு தன்னிடமுள்ள விவரங்களைக் கொண்டு முடிவு செய்கிறது. பயிற்சி மையத்திடம் அந்த விவரங்கள் கிடையாது. அவர்கள் தயாரித்த வினாவுக்கு அவர்களே தயாரித்த அட்டவணை. எனவே 2,290 என்பது மையத்தின் ஊகம். நல்ல ஊகமாகவும் இருக்கலாம், ஆனால் அதை அவர்கள்தான் மெய்ப்பிக்க வேண்டும்.

"பத்தில் ஒன்பது" என்ற வரிக்கு வருவோம். எத்தனை பேரை வைத்துக் கணக்கிட்டார்கள்? மையத்தில் எழுதிய எல்லாரையுமா, தேர்வு முடிந்து மதிப்பெண்ணைத் திரும்பி வந்து சொன்னவர்களை மட்டுமா? நன்றாக எழுதியவன் இனிப்புப் பெட்டியோடு வந்து சொல்வான், சறுக்கியவன் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டான். சொன்னவர்களை மட்டும் எண்ணினால் எந்த மையமும் மேதைகளை உருவாக்கும் மையம்தான். அடுத்து, ஒப்பிட்டது எந்த மாதிரித் தேர்வை? கடைசியாக எழுதியதையா, பத்தின் சராசரியையா, அல்லது பத்தில் உண்மையான மதிப்பெண்ணுக்கு எது மிக நெருக்கமோ அதையா? மூன்றாவது வழியில் கணக்கிட்டால் 50-க்குள் வராமல் போவதுதான் அதிசயம். இந்த விவரங்களை எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

மாதிரித் தேர்வு உண்மையான தேர்வோடு புள்ளிக்குப் புள்ளி ஒத்துப்போக வேண்டும் என்பதுகூட அவசியமில்லை. சௌ கிட் சந்தையில் ஒரு தராசு எப்போதும் 100 கிராம் கூட்டியே காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தெரிந்துவிட்டால் கழித்துக்கொண்டு மீன் வாங்கலாம். இன்று கூட்டியும் நாளை குறைத்தும் காட்டும் தராசைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. மாதிரித் தேர்வும் அப்படியே. எப்போதும் கடினமாக இருப்பது பெரிய குறை அன்று, ஒன்று கடினம் மற்றொன்று எளிது என்று தாறுமாறாக இருப்பதுதான் குறை. முதல் தேர்வைக் கடினமாகவும் பிந்தியவற்றை எளிதாகவும் வைத்தால் எந்தப் பிள்ளையும் முன்னேறுவதுபோல் தெரியும், பெற்றோரும் மகிழ்ந்து அடுத்த தவணையைக் கட்டுவார்கள். உங்கள் மையம் அப்படிச் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. நான்கு தேர்வுகளில் 450 புள்ளி ஏற்றம் என்றதும் எனக்கு முதலில் தோன்றும் சந்தேகம் அது.

இரண்டாவது சந்தேகம், திரும்ப வரும் வினாக்கள். ஒரே வினா வங்கியிலிருந்து பத்துத் தேர்வுகளைத் தயாரித்தால், நான்காவதில் முன்பே பார்த்த வினாக்கள் வரத்தான் செய்யும். இதை மகனிடமே கேளுங்கள், உண்மையைச் சொல்வான். பார்த்த வினாவுக்குக் கிடைத்த மதிப்பெண் நினைவாற்றலுக்குக் கிடைத்தது, நுழைவுத் தேர்வைப் பற்றி அது எதையும் முன்னறிவிக்காது.

வினாத்தாளின் அமைப்பையும் சரிபாருங்கள். 2025 முதல் வடிவங்களைக் கண்டறியும் பகுதி யூகேட்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அதற்கு முன் மொத்தம் 3,600, இப்போது 2,700. 2025-இல் மொழித் திறனுக்கு 22 நிமிடத்தில் 44 வினா, முடிவெடுக்கும் திறனுக்கு 37 நிமிடத்தில் 35 வினா, கணக்குத் திறனுக்கு 26 நிமிடத்தில் 36 வினா. மையத்தின் தேர்வில் முடிவெடுக்கும் பகுதிக்கு 29 வினா இருந்தால் அது பழைய தாள், மேலட்டையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஒரு சூழ்நிலையில் எப்படி நடந்துகொள்வது என்று கேட்கும் சூழ்நிலைத் தீர்வுப் பகுதி இந்த 2,700-இல் சேராது, தனியாக மதிப்பிடப்படுகிறது. அதன் விடைகளை மருத்துவத் துறை வல்லுநர் குழு முடிவு செய்கிறது. அந்தப் பகுதியில் மையம் போடும் தரத்தைக் கண்டு மகிழவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம்.

இனி உங்கள் கேள்விக்கு என் முடிவு. மீதி ஆறுக்கு இப்போது கட்டாதீர்கள். தேர்வு அமைப்பே தன் இணையத்தளத்தில் முழு மாதிரித் தேர்வுகளை இலவசமாக வைத்திருக்கிறது. உண்மையான தேர்வில் வரும் அதே திரை, அதே கணிப்பான். மகன் இதுவரை தொடாத ஒன்றை இந்த வாரமே, காலையில், கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, இடையில் நிறுத்தாமல் எழுதட்டும். சரியான விடைகளின் விழுக்காட்டைப் பகுதிவாரியாக மையத்தின் நான்காவது தேர்வோடு ஒப்பிடுங்கள். இரண்டும் நெருங்கி வந்தால் மையத்தின் தேர்வுகளுக்கு ஏதோ மதிப்பு உண்டு, இரண்டு மூன்று மட்டும் வாங்குங்கள். வெகுவாக விலகினால் அந்தப் பணத்தை விமான டிக்கெட்டுக்கு வைத்திருங்கள். தொடாத அதிகாரப்பூர்வத் தேர்வு ஒன்றையாவது கடைசி இரண்டு வாரத்துக்கு ஒதுக்குங்கள். யூகேட்டை ஓர் ஆண்டில் ஒரு முறைதான் எழுத முடியும் என்பதால், முன்னறிவிப்பு ஒன்று தேவைப்படுவதே அந்த வாரங்களில்தான்.

கேள்வி: உயிர்வேதியியல் பட்டதாரி நான். சிங்கப்பூரில் உள்ள டியூக்-என்.யூ.எஸ். மருத்துவக் கல்லூரியில் சேர எம்கேட் எழுதவிருக்கிறேன். தேர்வு அமைப்பு விற்கும் மாதிரித் தேர்வுகளில் 507, 510, 509 எடுத்தேன். ஒரு தனியார் நிறுவனத்தின் தேர்வுகளில் 500, 502 தான் வந்தது. எதை நம்புவது?
— ஒரு வாசகர், செராஸ்

பதில்: தம்பி, தேர்வு அமைப்பின் எண்ணைத்தான். வினாவை எழுதுகிறவர்களும் மதிப்பெண் அளவை வகுக்கிறவர்களும் அவர்களே. தனியார் தேர்வுகள் பொதுவாகக் கடினமாகவே இருக்கும் என்பது மாணவர்களிடையே நெடுநாளைய பேச்சு, உங்கள் எண்களும் அதைத்தான் காட்டுகின்றன. அவற்றைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், மதிப்பெண்ணைக் குறித்து வைக்க வேண்டாம்.

ஆனால் 509 என்ற ஒற்றை எண்ணையும் பிடித்துக்கொள்ளாதீர்கள். எம்கேட் மதிப்பெண் 472 முதல் 528 வரை. உண்மையான தேர்வின் முடிவிலேயே மொத்த மதிப்பெண்ணுக்கு இருபுறமும் 2 புள்ளி இடைவெளி உண்டு என்று தேர்வு அமைப்பு குறிப்பிடுகிறது. அதாவது 509 எடுத்தவரின் திறன் பெரும்பாலும் 507-க்கும் 511-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. அசல் தேர்வே இப்படி என்றால், மாதிரித் தேர்வின் இடைவெளி அதைவிடக் குறுகலாக இருக்க வழியில்லை. நீங்கள் 506 முதல் 512 வரை என்று எண்ணிக்கொள்வது நியாயம். கல்லூரித் தெரிவுகளைக் கீழ் எல்லையை வைத்துத் திட்டமிடுங்கள்.

அந்த மூன்று தேர்வுகளையும் எப்படி எழுதினீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. 230 வினாக்கள், இடைவேளைகளோடு ஏழரை மணி நேரம். சனிக்கிழமை இரண்டு பகுதி, ஞாயிற்றுக்கிழமை இரண்டு பகுதி என்று பிரித்து எழுதியிருந்தால் நான் மேலே சொன்ன கணக்குச் செல்லாது. நான்காவது பகுதியில் மூளை களைத்துப் போவதும் மதிப்பெண்ணில் சேர்த்திதான். "எதற்கும் ஒரு முறை எழுதிப் பார்ப்போம்" என்றும் போய்விடாதீர்கள். ஓர் ஆண்டில் 3, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் 4, வாழ்நாளில் 7 முறைதான் எம்கேட் எழுத முடியும்.

கேள்வி: மலேசியக் குடியுரிமை உள்ள என் மகள் இந்தியாவில் மருத்துவம் படிக்க விரும்புகிறாள். அதற்கான நீட் நுழைவுத் தேர்வுக்கு, சென்னையில் உள்ள ஒரு மையத்தின் இணையவழி மாதிரித் தேர்வுகளில் 600-க்கு மேல் எடுக்கிறாள். 2024-ஆம் ஆண்டின் மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். சரிதானா?
— ஒரு தந்தை, கெப்போங்

பதில்: சரியில்லை. நீட் தேர்வில் ஒரே மதிப்பெண்ணுக்கு ஓர் ஆண்டு ஒரு மதிப்பு, மறு ஆண்டு வேறு மதிப்பு. 2024-இல் முடிவுகளைத் திருத்தி வெளியிட்ட பிறகும் 17 பேர் 720-க்கு 720 எடுத்தார்கள். 2025-இல் இயற்பியல் வினாக்கள் கடினமாக அமைந்து, முதலிடம் பெற்றவரின் மதிப்பெண்ணே 686. பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண் 162-இலிருந்து 144-க்கு இறங்கியது. 2024-இல் 600 என்பது பெருங்கூட்டத்தோடு நிற்கும் இடம். மறு ஆண்டு அதே 600 எடுத்தவர் வெகு முன்னால் இருந்தார். எனவே மையத்திடம் மதிப்பெண்ணைக் கேட்காமல், அந்தத் தேர்வை எழுதியவர்களில் மகளின் இடம் எத்தனையாவது, மொத்தம் எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேளுங்கள். ஆயிரக்கணக்கானோர் எழுதும் மாதிரித் தேர்வாக இருந்தால் அந்த இடம் ஓரளவு பேசும். நாற்பது பேர் எழுதியதென்றால் பேசாது.

2025-இல் நீட் தாளில்தான் நடந்தது. 180 நிமிடத்தில் 180 வினா, கட்டங்களைப் பேனாவால் நிரப்ப வேண்டும், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும். கைப்பேசியில் தட்டி எழுதிய 600-ஐத் தாளில் ஒரு முறையாவது சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதைவிட முக்கியமான ஒன்று: தேர்ந்தெடுக்கும் கல்லூரி மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மகளுக்காக ஒரு மையத்தில் 10 மாதிரித் தேர்வுகளுக்கு 2,400 வெள்ளி மொத்தமாகக் கட்டினேன். இரண்டு எழுதிய பிறகு அவள் மருத்துவமே வேண்டாம், கணினி படிக்கிறேன் என்கிறாள். "கட்டிய பணம் திரும்பத் தரப்படாது" என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார்கள்.
— ஒரு வாசகி, பங்சார்

பதில்: ரசீதில் அச்சிட்டுவிட்டால் சட்டம் மாறிவிடாது. தொடர்ந்து வழங்கப்படும் சேவைக்கு முன்கூட்டியே செய்துகொள்ளும் ஒப்பந்தத்தைப் பயனீட்டாளர் ரத்து செய்யலாம் என்று 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு கூறுகிறது. முழு விலையில் 5 விழுக்காடு, இதுவரை பெற்ற சேவையின் மதிப்பு, நீங்கள் வைத்துக்கொண்ட பொருள்களின் விலை ஆகியவற்றை மட்டும் மையம் பிடித்துக்கொள்ளலாம். உங்கள் கணக்கில் 120 வெள்ளியும் எழுதிய இரண்டு தேர்வுகளுக்கு 480 வெள்ளியும் போக 1,800 வெள்ளி வர வேண்டும். புத்தகம் ஏதும் வாங்கியிருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், இல்லையேல் அதன் விலையும் கழியும்.

முதலில் ரத்து செய்வதாக மின்னஞ்சல் அனுப்புங்கள், இந்தக் கணக்கையும் அதிலேயே போடுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குச் செல்லுங்கள். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பார்கள், மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். ரசீது, துண்டறிக்கை, மையத்தோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல், மகள் எழுதிய இரண்டு தேர்வுகளின் தேதி ஆகியவற்றை இணையுங்கள். மையத்தில் போய்ச் சண்டை போட வேண்டாம். மனு பதிவானதுமே பேச்சுக்கு இறங்கி வருகிற மையங்கள் உண்டு.