தெர்மாமீட்டருக்கு முதலாளி கிடையாது

(உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, சுகாதார ஆய்வாளராக இருந்து தணிக்கைப் பணிக்கு வந்தவர் பதிலளிக்கிறார்.)

தணிக்கைக் கட்டணத்தை நிறுவனமே கட்டுகிறது. காசையும் வாங்கிக்கொண்டு நடுநிலையாக இருப்பது நடக்கிற காரியமா?

கோபமே வரவில்லை, நியாயமான கேள்வி. ஆய்வாளராக இருந்தபோது எனக்குப் பின்னால் சட்டம் நின்றது. இப்போது என்னை வரவழைத்தவரே கட்டணமும் கட்டுகிறார். உறுத்தத்தான் செய்யும்.

2011-ல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு முலாம்பழப் பண்ணைக்குத் தனியார் தணிக்கையில் 96 மதிப்பெண் கிடைத்தது. அந்தப் பருவத்துப் பழங்களால் பரவிய லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவுக்கு 33 பேர் பலியானார்கள். பிறகு போன அரசு அதிகாரிகள் கண்டது, தரையில் தேங்கிய நீரும் சரியாகக் கழுவ முடியாத இயந்திரமும். இதைப் பார்க்க ஆய்வகம் வேண்டாம், கொஞ்சம் குனிந்தால் போதும்.

மனிதரின் நல்ல மனசை மட்டும் நம்பக் கூடாது என்றுதான் சான்றிதழ் தரும் அமைப்புகளுக்கான ஐஎஸ்ஓ 17021 என்ற சர்வதேச விதிகள் வேலையைப் பிரித்து வைத்திருக்கின்றன. நான் பார்த்ததை எழுதித் தருவேன், அவ்வளவுதான். சான்றிதழ் கொடுப்பதா என்று தீர்மானிப்பவர் தணிக்கைக்கு வராத வேறொருவர். அவருக்கு உங்கள் முகமே தெரியாது.

மிச்சம் தணிக்கை செய்பவரின் கண்ணில் இருக்கிறது. ஓர் இடத்தில் குளிர்பெட்டிப் பதிவேடு அச்சடித்ததுபோல இருந்தது: தினமும் 4 டிகிரி, ஒரே பேனா, ஒரே சாய்வு. மறுநாள் தேதிக்கும் 4 எழுதி முடித்திருந்தார்கள்! அவர்களுடைய தெர்மாமீட்டரை வாங்கி, பொடித்த ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த குவளையில் வைத்தேன். 0 காட்ட வேண்டியது மைனஸ் 3 காட்டியது. அப்படியானால் அது காட்டும் 4 உண்மையில் 7. பெட்டிக்குள் என் தெர்மாமீட்டரும் 7 என்றது. முதலாளி முகம் சுருங்கியது. எனக்கும் சங்கடம்தான், ஆனாலும் எழுதினேன்.

தணிக்கைக்கு வருபவரே எங்கள் கோப்புகளையும் தயாரித்துத் தருவதாகச் சொல்கிறார். வசதிதானே?

வேண்டவே வேண்டாம் அம்மா. தான் எழுதிய விடைத்தாளைத் தானே திருத்துகிற கதை அது. ஆலோசனை சொன்னவர் அதே நிறுவனத்தைத் தணிக்கை செய்யக் குறைந்தது 2 ஆண்டு இடைவெளி வேண்டும். "இது தவறு" என்று நான் சொல்லலாம், ஏன் என்றும் விளக்கலாம். "இப்படிச் செய்யுங்கள்" என்று உங்கள் திட்டத்தை நானே வரைந்து கொடுத்தால், அடுத்த முறை அதில் ஓட்டை கண்டுபிடிக்க எனக்கே மனம் வராது.

சுற்றுச்சூழல் சுகாதாரம் படித்தவர் வந்தால் என்ன வித்தியாசம்?

கோப்பைப் பிரிக்குமுன் அவர் கழிவுநீர் எங்கே போகிறது என்று பார்ப்பார். தண்ணீர்த் தொட்டியின் மூடி, கதவடியில் எலி நுழையும் இடைவெளி, கைகழுவும் இடத்தில் சோப்பு ஈரமாக இருக்கிறதா, வயிற்றுப்போக்கு என்று லீவு கேட்டவருக்குச் சம்பளம் பிடிக்கிறார்களா... கடைசிக் கேள்வியை முதலாளியிடம் கேட்டுப் பயனில்லை. பாத்திரம் கழுவுகிறவரிடம் கேட்பேன், முதலாளி பக்கத்தில் இல்லாதபோது.

சுவரில் சான்றிதழ் தொங்குகிறது. நம்பிச் சாப்பிடலாமா?

முதலில் தேதியைப் பாருங்கள். காலாவதியாகியிருந்தால் அது வெறும் படம்.