பேங்க் வேலை உள்ள எப்படி இருக்கும்? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

அரசு வங்கில கிளார்க்கா சேர்ந்து, ஆபீசராகி, இப்போ ஸ்கேல் 3ல (ஆபீசர் கிரேடுல மூணாவது படி) பிராஞ்ச் ஹெட். எந்த பேங்க்னு கேக்காதீங்க. மேனேஜர் தொல்லை, டார்கெட், டிரான்ஸ்ஃபர் எதுன்னாலும் கேக்கலாம். நகைக்கடன் வட்டி எவ்ளோன்னு மட்டும் வேணாம், அதுக்கு பிராஞ்சுக்கு வாங்க.

கேள்வி: அக்கா, ஐபிபிஎஸ் தேர்வெழுதி அரசு வங்கில பிஓ (ஆபீசர் வேலை) கிடைச்சிருக்கு, ஒரு பிரைவேட் பேங்க் ஆஃபரும் கைல இருக்கு. எங்க சூழல் பரவாயில்ல?

பதில்: ரெண்டு இடத்துலயும் பிரஷர் உண்டு தம்பி, ரகம் தான் வேற. பிரைவேட்ல காலைல ஒரு கால், சாயங்காலம் ஒரு ரிவ்யூ, இன்னிக்கு எத்தனை அக்கவுண்ட் ஓப்பன் பண்ணுனன்னு கேட்டே உயிர எடுப்பாங்க. 2023ல கொல்கத்தால ஒரு பெரிய பிரைவேட் பேங்க் அதிகாரி ஆன்லைன் மீட்டிங்ல ஸ்டாஃப கத்தின வீடியோ வெளில வந்து அவர சஸ்பெண்ட் பண்ணாங்கல்ல, வீடியோ வந்ததால அது, வராத மீட்டிங் எவ்ளோ இருக்கும்னு யோசிச்சுக்கோ. எங்க பக்கமும் கத்துறவங்க இருக்காங்க, ஆனா வேலைய விட்டு தூக்குறது லேசுல நடக்காது, அதனால மிரட்டல் எல்லாம் டிரான்ஸ்ஃபர் ரூபத்துல தான் வரும். பிஓன்னா இந்தியால எங்க வேணா போடுவாங்க, பீகார்ல ஒரு கிராமத்து பிராஞ்ச்னா கூட பெட்டிய கட்டணும். அதுக்கு ரெடின்னா வா. சொந்த மாநிலத்துலயே இருக்கணும்னா கிளார்க் எழுது, 2024லேர்ந்து கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்னு பேர மாத்திட்டாங்க, கவுண்ட்டர் அதே கவுண்ட்டர் தான்.

கேள்வி: மேடம், சேர்ந்து ரெண்டு மாசம் தான் ஆகுது. போன வாரம் கேஷ்ல 4,500 ரூபா குறைஞ்சுது, மேனேஜர் கையிலேர்ந்து கட்ட சொல்லிட்டார். இது நியாயமா?

பதில்: நியாயமோ இல்லையோ, எல்லா பேங்க்லயும் வழக்கம் அது தான்மா. ஆனா கட்டுறதுக்கு முன்னாடி தேடுனீங்களா? குறையுற தொகை 9ஆல வகுபட்டா முதல்ல நோட்ட எண்ணாதீங்க, சலான எடுங்க. யாரோ 500 கட்டுனத 5,000ன்னு என்ட்ரி போட்டா கரெக்டா 4,500 தான் குறையும். 53,000த்த 35,000ன்னு மாத்தி அடிச்சாலும் வித்தியாசம் 9ஆல வகுபடும். பழைய கேஷியருங்க எல்லாருக்கும் இது தலைகீழ் பாடம், இப்போ யாரும் சொல்லித்தர்றதில்ல. அந்த நாள் வவுச்சர் கட்டு பிராஞ்ச்லயே தான் இருக்கும், இப்பவும் போய் பாக்கலாம். தப்பு கிடைச்சா என்ட்ரிய திருத்தி உங்க பணத்த திரும்ப வாங்கலாம். இனிமே சலான்ல 500 எத்தனை, 200 எத்தனைன்னு எழுதாம யார்கிட்டயும் பணம் வாங்காதீங்க, க்யூ கத்தட்டும், பரவாயில்ல. மெஷின்ல ரெண்டு தடவ ஓடவிட்டு கஸ்டமர் கண்ணு முன்னாடியே தொகைய வாய்விட்டு சொல்லுங்க.

கேள்வி: லோன் கேட்டு வர்றவங்க தலைல இன்சூரன்ஸ் கட்ட சொல்றாங்க சார். எனக்கு லைசன்ஸ் கூட இல்ல, பக்கத்து சீட்டு ஆளோட கோடுல (பாலிசி விக்க அவருக்கு கொடுத்த நம்பர்ல) போடுன்னு சொல்றாங்க.

பதில்: சார் இல்ல, மேடம், பரவாயில்ல விடுங்க. லோனுக்காக பாலிசி கட்டாயம்னு சொல்லவே கூடாது. டிரெய்னிங் முடிச்சு பரீட்சை எழுதி சர்ட்டிஃபிகேட் வாங்குனவர் தான் விக்கணும், அடுத்தவர் கோடுல போட்டா நாளைக்கு கம்ப்ளைன்ட் வரும்போது ரெண்டு பேரும் மாட்டுவீங்க. கஸ்டமருக்கு பாலிசி வேணாம்னா 30 நாளுக்குள்ள திருப்பி தரலாம்னு சொல்லிடுங்க. எல்லாரும் சிரிச்சுட்டு சொல்ற இந்த டார்கெட் விஷயம் தான் இந்த வேலைல எனக்கு ரொம்ப அசிங்கமா படுறது. 70 வயசு பென்ஷன்காரர் எஃப்டி போட வந்தா கைல பாலிசியோட வீட்டுக்கு போறாரு.

கேள்வி: மேனேஜர் எல்லாத்தையும் வாயாலயே சொல்றார் அக்கா. 'நான் பாத்துக்கறேன், நீ ஆதரைஸ் பண்ணு'ன்னு. சில நேரம் என் பாஸ்வேர்டையும் கேக்கறார்.

பதில்: பாஸ்வேர்ட் தரவே தராத, ஒரு நிமிஷத்துக்கு கூட. சிஸ்டத்துல உன் ஐடி தான் நிக்கும், விசாரணைக்கு வர்றவன் ஐடிய தான் பாப்பான், 'பாத்துக்கறேன்'னு சொன்னவர் அப்போ ரிட்டையர் ஆகி ஊர்ல இருப்பார். அரசு வங்கி ஆபீசர் நடத்தை விதில மேலதிகாரி உத்தரவு எழுத்துல தான் இருக்கணும், அவசரத்துல வாயால சொன்னா உடனே எழுத்துல உறுதி பண்ணணும்னு இருக்கு. அதனால அன்னிக்கே ஒரு மெயில் போடு: 'நீங்க இன்னிக்கு காலைல சொன்னபடி இந்த கணக்குல இத பண்ணிருக்கேன், உறுதிப்படுத்தவும்'. கோவப்படுவார், படட்டும். ரெண்டு தடவ மெயில் போன பிறகு வாயால சொல்றது தானா குறையும், இது நான் கண்ணால பாத்தது.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் பேங்க் ஆபீசர். பேங்க் தான் நாலு மணிக்கே மூடிடுதே, ஏன் ராத்திரி ஒன்பது மணிக்கு வர்றார்?

பதில்: சந்தேகப்படாதீங்க சகோதரி, பாவம் அவர்! நாலு மணிக்கு ஷட்டர் தான் மூடும். அப்புறம் கேஷ் டேலி, வவுச்சர் செக்கிங், லோன் ஃபைல், வராக்கடன்காரங்களுக்கு போன், ஆறு மணிக்கு மேல ரீஜனல் ஆபீஸ் வீடியோ மீட்டிங். ஆபீசருக்கு ஓவர்டைமும் கிடையாது. 2015 செப்டம்பர்லேர்ந்து ரெண்டாவது, நாலாவது சனி லீவு வந்துச்சு, மத்த சனிக்கும் 2024 மார்ச்ல ஊழியர் சங்கங்களும் ஐபிஏவும் (வங்கிகளோட கூட்டமைப்பு) பேசி ஒத்துக்கிட்டாங்க, ஆனா அரசு சரின்னு சொல்லணும்.

கேள்வி: லீவு கேட்டா முறைக்கிறாங்களே?

பதில்: ஆர்பிஐயே முக்கியமான சீட்ல இருக்கறவங்கள வருஷத்துக்கு ஒரு தடவ, முன்கூட்டி சொல்லாம, குறைஞ்சது 10 வேலை நாள் சேந்தாப்ல கட்டாய லீவுல அனுப்ப சொல்லுது, ஆள் இல்லாதப்போ தான் தில்லுமுல்லு வெளில வரும்னு. அப்படிப்பட்ட வேலைல லீவே எடுக்காத ஆள பெரிய உழைப்பாளின்னு மேடைல பாராட்டுற கூத்து எங்க ஆளுங்களால மட்டும் தான் முடியும். எழுதி கொடுங்க, மறுத்தா மறுத்தேன்னு எழுத்துல கேளுங்க.

கேள்வி: சீனியர் ஒருத்தர் ராத்திரி தப்பு தப்பா மெசேஜ் பண்றார். பிராஞ்ச்ல சொன்னா 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ'ங்கறாங்க.

பதில்: அட்ஜஸ்ட் பண்ணாத கண்ணு. மெசேஜ அழிக்காம ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்ல ஒருத்தர்கிட்ட அனுப்பி வை. வேலை இடத்துல பாலியல் தொல்லைய தடுக்குற 2013 சட்டப்படி பேங்க்ல இதுக்குன்னு உள் புகார் குழு இருந்தே ஆகணும், சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள்ள எழுத்துல நேரா அவங்களுக்கே கொடு, பிராஞ்ச் மேனேஜர் வழியா போக வேண்டியதில்ல. விசாரணை நடக்கும்போது உனக்கோ அவருக்கோ டிரான்ஸ்ஃபர், இல்லேன்னா மூணு மாசம் வரைக்கும் லீவு கூட கேக்கலாம். புகார் எப்படி எழுதுறதுன்னு தெரியலேன்னா இன்பாக்ஸுக்கு வா, சேந்து எழுதுவோம்.