நாரா கொடியும் ஊத்தங்கரை மேட்டு நிலமும்

அன்புள்ள அண்ணா,

ஊத்தங்கரைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மேட்டு நிலம் இருக்கிறது. போர் போட்டும் தண்ணீர் இல்லை. நமீபியாவில் கடலோரப் பாலைவனத்தில் மழையே இல்லாமல் நாரா என்ற முள்செடி காய்க்கிறதை வீடியோவில் பார்த்தேன். விதை வாங்கிப் போட்டால் நம் மண்ணில் வருமா?

ஒரு வாசகர், ஊத்தங்கரை

அன்புள்ள தம்பிக்கு,

வேண்டாம். விதைக்குக் காசு அனுப்பிவிடாதே.

எனக்கும் ரொம்பப் பிடித்த செடி அது. நம் பூசணி, தும்மட்டி குடும்பம்தான், ஆனால் இலையே கிடையாது, பச்சைத் தண்டும் முள்ளுமே இலையின் வேலையைச் செய்துவிடும். ஆண் செடி தனி, பெண் செடி தனி. பெண் பூவென்றால் அடியில் குட்டிக் காய் ஒட்டிக்கொண்டிருக்கும். காற்றில் வருகிற மணலைப் பிடித்துப் பிடித்து மேடாக்கி, அந்த மேட்டின் மேலேயே படரும். குய்செப் ஆற்றங்கரையில் வாழும் டோப்னார் மக்கள் பழத்தைக் கொதிக்கவைத்து விதையைப் பிரித்தெடுத்துத் தின்கிறார்கள், சதையை அப்பளம் மாதிரி காயவைத்து எடுத்து வைக்கிறார்கள்.

சரி, மழையில்லாமல் எப்படி? அந்தக் கடலோரம் வருஷத்துக்கு 20 மி.மீ. மழை பெய்தாலே பெரிது. குளிர்ந்த கடல் நீரோட்டத்தால் மூடுபனி மட்டும் அடிக்கடி வரும். ஆனால் நாரா நம்பியிருப்பது மணலுக்கு அடியில் இருக்கிற ஆற்றுநீரை. ஆணிவேர் பல பத்து மீட்டர் இறங்கி அதைத் தொட்டுவிடுகிறது. தண்ணீர் வேண்டாத செடி இல்லை தம்பி, தண்ணீர் இருக்கிற இடத்தில் நிற்கிற செடி. வால்விஸ் பே ஊரைக் காக்க 1960களில் குய்செப் வெள்ளத்துக்குத் தடுப்புச் சுவர் கட்டினார்கள். வெள்ளம் போகாத பக்கத்தில் நிலத்தடி நீர் குறைந்து, நாரா புதர்கள் நலிந்தன. போரே வற்றிய உன் நிலத்தில் பாறைக்கு மேல் அது எதைத் தேடும்?

நமக்கு வருஷத்துக்கு 800 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. நமீபியாக்காரர்கள் கேட்டால் மலைத்துப்போவார்கள். பெய்வது புரட்டாசி, ஐப்பசியில் மொத்தமாக வந்து செம்மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடைக்குப் போய்விடுவதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அந்தக் காசில் சரிவுக்குக் குறுக்கே கரை போடு, கீழ்க்கோடியில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டு. அப்புறம் துவரையும் கொள்ளும் விதை. குட்டை வெட்ட மானியம் உண்டா என்று வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேட்டுப் பார், அடுத்த மழைக்கு முன்னால்.