எழுதுகிற பெண்ணுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

அடுத்து என்ன படிக்க வைக்கலாம் என்று என்னிடம் ஆலோசனை கேட்க உடுமலைப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பிளஸ் டூ முடித்த பெண். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். இயற்பியலில் நல்ல மதிப்பெண், கணக்கில் சுமார். அப்பா மோட்டார், பைப், உதிரிபாகம் விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறார். கடையைப் பூட்ட முடியாததால் அவர் வரவில்லை.

உட்கார்ந்ததும் அந்த அம்மா கைப்பேசியை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "மேடம், மொதல்ல இதைப் பாருங்க. இவ இணையத்துல எழுதறா. சொந்தப் பேரு, போட்டோ எல்லாம் போட்டு. சொந்தக்காரங்க அத்தனை பேரும் படிச்சுட்டாங்க. இதையெல்லாம் அழிச்சாத்தான் நாளைக்கு வேலை கிடைக்கும்னு இவ சித்தப்பா சொல்றாரு. நீங்க சொன்னா கேப்பா."

சித்தப்பா கோவையில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறார். ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், நிர்வாக ஒதுக்கீட்டில், கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் பேசி வைத்திருக்கிறார். விடுதியோடு நான்கு வருடத்துக்கு எட்டரை லட்சம். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்குவதாக ஏற்பாடு. அத்தையின் யோசனை வேறு: பி.எஸ்சி. முடித்து பி.எட்., அப்புறம் டீச்சர் வேலை. "பொம்பளப் புள்ளைக்கு அதுதான் பாந்தம்" என்றாராம்.

பயப்படாதீர்கள், இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் ஏதாவது எழுதுவார்கள் என்று நானும் முதலில் ஆறுதலாகத்தான் ஆரம்பித்தேன். அப்புறம் அவள் எழுதியதைப் படித்தேன். மொத்தம் பதினான்கு கட்டுரைகள். படித்து முடித்த பிறகு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் குடும்பத்தோடு வாதாட வேண்டும் என்று தோன்றியது.

குக்கரில் விசில் வராமல் ஓரமாக ஆவி கசிந்தால் கேஸ்கட்டை எப்படிப் பார்ப்பது, மூடியை எப்படித் துடைப்பது, எப்போது மாற்றுவது என்று ஒன்று. மாதவிடாய்க் கப்பை முதல் தடவை பயன்படுத்தும் பெண்ணுக்குப் படிப்படியாக விளக்கம் ஒன்று. சொந்தக்காரர்களுக்கு உறுத்தியது இதுதான். பாட்டியின் முதியோர் ஓய்வூதியத்துக்கு என்னென்ன காகிதம், எந்த வரிசையில் என்று ஒன்று. "மோட்டார் ஓடுது, தண்ணி வரல" என்று ஒன்று. அதில் கிணற்றுக்குள் பைப்பின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வ் கசிவையும் உறிஞ்சும் பைப்பில் காற்று நுழைவதையும் எப்படிப் பிரித்துக் கண்டுபிடிப்பது என்று எழுதியிருந்தாள். நான் பத்து வருடம் கிணற்றுத் தோட்டத்தில் வாழ்ந்தவள். இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

சொந்தக்காரர்கள் இந்தப் பதினான்கிலும் பார்த்தது இரண்டே விஷயம். சமையல்கட்டுச் சமாச்சாரம் எழுதும் பெண், வெட்கமில்லாமல் எழுதும் பெண். முதலாவது என்றால் வேலைக்கு லாயக்கில்லை, இரண்டாவது என்றால் கல்யாணத்துக்கு லாயக்கில்லை. எழுதுகிற பெண்கள் எல்லோரையும் இந்த இரண்டு பெட்டிக்குள்தான் அடைக்கிறார்கள். வீட்டைப் பற்றி எழுதினால் பொழுதுபோக்கு, உடம்பைப் பற்றி எழுதினால் அடங்காதவள். இதற்குப் பயந்து பெண்களே தங்கள் எழுத்தைச் செதுக்கிக்கொள்கிறார்கள். வேலை தேடும் காலம் வந்ததும் சமையலை நீக்குகிறார்கள், பிள்ளையை நீக்குகிறார்கள், புடவை கட்டிய படத்தை எடுத்துவிட்டுக் கோட் போட்ட படத்தை வைக்கிறார்கள்.

நானும் அதைச் செய்தவள்தான். முதல் வேலையில் என் மேலதிகாரி என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, பத்திரிகையில் வந்த சமையல் குறிப்புகளை எடுத்துவிடச் சொன்னார், "சீரியஸாக எடுத்துக்க மாட்டாங்க" என்றார். எடுத்துவிட்டேன். பதினோரு வருடம் அப்படியொன்றை எழுதியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அந்தக் குறிப்புகளை எழுதித்தான் ஒரு விஷயத்தை வரிசையாகச் சொல்ல நான் கற்றுக்கொண்டேன் என்பது வெகு தாமதமாகத்தான் புரிந்தது. அதனால் அந்தப் பெண்ணிடம் முதலில் சொன்னது இதுதான்: "ஒண்ணைக்கூட அழிக்காதே கண்ணு."

சித்தப்பாவின் பயத்துக்கு வருகிறேன். ரங்கராஜன் என்ற பொறியாளர் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. அதே காலத்தில் மனைவியின் பெயரை வைத்துக்கொண்டு சுஜாதாவாகக் கதையும் அறிவியல் கட்டுரையுமாக எழுதித் தள்ளினார். கதை எழுதுகிறவர் உருப்படியான பொறியாளராக இருக்க மாட்டார் என்று தமிழ்நாட்டில் யாராவது சொன்னார்களா? பொறியாளர் எழுதவும் செய்கிறார் என்று கொண்டாடினோம். ஒரு பெண் எழுதினால் மட்டும் அவளுக்கு வேறு எதுவும் தெரியாது என்று எப்படி முடிவுக்கு வருகிறோம்?

சரி, படிப்புக்கு வருவோம். பொறியியல், பி.எட்., விஷுவல் கம்யூனிகேஷன் பற்றியெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதையே சொல்லிக்கொண்டிருக்கப் போவதில்லை. இந்தப் பெண்ணுக்குப் பொருந்துகிற, அந்த வீட்டில் யாரும் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிராத வேலை ஒன்று இருக்கிறது. டெக்னிக்கல் ரைட்டர், அதாவது தொழில்நுட்ப எழுத்தாளர்.

எந்தப் பொருளை வாங்கினாலும் பெட்டிக்குள் ஒரு கையேடு இருக்கும். கைப்பேசிச் செயலியில் "உதவி" என்ற இடத்தைத் தொட்டால் விளக்கம் வரும். மருத்துவக் கருவி, விமானம், வங்கி மென்பொருள், பம்ப்செட் என்று எல்லாவற்றுக்கும் எப்படிப் பொருத்துவது, எப்படி இயக்குவது, பழுதானால் என்ன செய்வது என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதத்தான் வேண்டும். அதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிறார்கள். சென்னையில் ஜோஹோ மாதிரி மென்பொருளைச் சொந்தமாகத் தயாரித்து விற்கும் நிறுவனங்களில் இதற்குத் தனிக் குழுக்களே உண்டு.

இது பெண்களுக்குப் புதிதும் இல்லை. 1946-ல் அமெரிக்காவில் எனியாக் என்ற தொடக்ககால மின்னணுக் கணினி வந்தபோது அதன் தொழில்நுட்பக் கையேட்டை எழுதியவர் அடீல் கோல்ட்ஸ்டைன் என்ற கணிதம் படித்த பெண். நம் ஊருக்கு வந்தால், எஸ். மீனாட்சி அம்மாள் 1951-ல் வெளியிட்ட 'சமைத்துப் பார்' எத்தனையோ வீட்டுப் பரண்களில் இன்றும் கிடக்கிறது. அதைச் சமையல் புத்தகம் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஒரு தொழில்நுட்ப எழுத்தாளரின் கண்ணோடு எடுத்துப் பாருங்கள். என்ன பொருள், எவ்வளவு, எதற்குப் பின் எது, எந்தப் பதத்தில் இறக்குவது. பக்கத்தில் நின்று சொல்லித்தர மாமியாரோ அம்மாவோ இல்லாத பெண், வெறும் காகிதத்தை வைத்துக்கொண்டு சாம்பார் வைக்க முடிந்தது. ஒரு கையேட்டால் ஆக வேண்டிய காரியம் அதுதான்.

இந்த வேலையின் நுணுக்கம் தெரிய ஓர் உதாரணம் சொல்கிறேன். விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கென்று எளிமையாக்கிய ஆங்கிலம் ஒன்றை வகுத்திருக்கிறார்கள். ஏ.எஸ்.டி. எஸ்.டி.இ. 100 என்று பெயர். செய்முறை சொல்லும் வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான். எந்தச் சொற்களைப் பயன்படுத்தலாம் என்று தனி அகராதியே உண்டு. எந்த நாட்டு மெக்கானிக் படித்தாலும் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக இவ்வளவு கட்டுப்பாடு. இதைச் சொன்னபோதுதான் அந்தப் பெண் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இருபது வார்த்தைதானா மேடம்? அப்ப என் இங்கிலீஷே போதுமா?" என்றாள்.

போதாது. ஆனால் எட்டிப் பிடிக்கிற தூரம்தான். இந்த வேலை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் இது அலங்கார ஆங்கிலம் இல்லை. குட்டி வாக்கியம், சரியான வினைச்சொல், ஒரு படிக்கு ஒரே செயல். தமிழ்வழியில் படித்த பெண் மூன்று வருடம் தினமும் ஒரு பக்கம் எழுதினால் வந்துவிடும். கூகுள் தொழில்நுட்ப எழுத்துக்கென்று இலவசப் பாடம் வைத்திருக்கிறது, அதில் ஆரம்பிக்கச் சொன்னேன். தமிழை விடவும் வேண்டாம். செயலிகளையும் கையேடுகளையும் தமிழாக்கும் வேலையும் இருக்கிறது. அதை இவள் மாதிரி பேச்சுவழக்கின் ஓசை தெரிந்தவர்கள் செய்யாததால்தான் பல செயலிகளின் தமிழ் வாயில் நுழையாமல் கிடக்கிறது.

பட்டம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். இயற்பியல் படிக்கட்டும். அவளுக்குப் பிடித்தது அது. ஒரு கருவி ஏன் அப்படி இயங்குகிறது என்று தெரிந்தவள் எழுதுவதற்கும், பொறியாளர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்கிறவள் எழுதுவதற்கும் வித்தியாசம் உண்டு. கூடவே எழுதியதை வடிவமைக்கவும் திருத்தங்களைச் சேமித்து வைக்கவும் உதவும் மார்க்டவுன், கிட், எக்ஸ்.எம்.எல். என்று சில கருவிகளைக் கற்றுக்கொள்ள வேண்டும். எல்லாம் வீட்டிலிருந்தே கற்கக் கூடியவை. மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஏ.பி.ஐ.-களுக்கு விளக்கம் எழுதத் தெரிந்தால் மதிப்பு இன்னும் கூடும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில இடங்களில் தொழில்நுட்ப எழுத்தை "பொண்ணுங்களுக்கு ஏத்த லைட்டான வேலை" என்று நினைத்து, கூட்டக் குறிப்பு எடுப்பதையும் மற்றவர்களின் மின்னஞ்சலைத் திருத்துவதையும் தலையில் கட்டுவார்கள். கருவியைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவளிடம் அப்படிக் கட்ட முடியாது.

இப்போது செயற்கை நுண்ணறிவு இயந்திரமே எழுதிவிடுகிறதே என்று அந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. முதல் வரைவை இயந்திரம் எழுதும் காலம் வந்துவிட்டது. வெறுமனே வாக்கியம் கோக்கிறவர்களுக்கு இனி வேலை குறையும், அதில் சந்தேகமில்லை. ஆனால் மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்து, நனைந்து, எந்தப் படி விட்டுப்போயிற்று என்று கண்டுபிடிக்கிற ஆள் வேண்டும். அதே கேள்வியைக் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் கேட்டுப் பாருங்கள் என்றேன்.

இப்போது பணம். இங்கே நான் வளைந்துகொடுக்க மாட்டேன். வீட்டுப் பத்திரத்தை வைக்காதீர்கள். கணக்கில் மனமில்லாத பெண், தான் கேட்காத படிப்புக்கு, எட்டரை லட்சம் கடனோடு வெளியே வந்தால் முதலில் கிடைக்கும் எந்த வேலையிலும் தலையைக் கொடுத்தாக வேண்டும். இடையில் நின்றுவிட்டாலோ படிப்பும் இருக்காது, வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் உள்ள அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் படிக்க வருடத்துக்குச் சில ஆயிரம்தான் ஆகும். அரசு உதவி பெறும் பள்ளியில் 6 முதல் 12 வரை தமிழ்வழியில் படித்த பெண்களுக்கும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஒரு நல்ல மடிக்கணினிக்கு மட்டும் பணம் ஒதுக்குங்கள். அந்த எட்டரை லட்சத்தைக் கையில் எடுத்துக் கொடுக்கப் போவது சித்தப்பா இல்லை. அதனால் இதில் முடிவெடுக்கும் உரிமையும் அவருக்கு இல்லை. அவர் மனம் நோகுமே என்பதற்காகக் கடன் வாங்குவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

பெயரும் படமும்? சொந்தப் பெயரிலேயே எழுதட்டும். கவிஞர் துவரங்குறிச்சி சல்மா புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் புனைபெயரில் எழுத வேண்டியிருந்தது. ஒளித்து எழுதிய அந்தப் பெயரில்தான் உலகம் அவரை அறிந்தது, 2025-ல் மாநிலங்களவைக்கும் போனார். இவளுக்கு அந்த ஒளிவு தேவைப்படக் கூடாது. வேலை கொடுக்கிறவர் பெயரைத் தேடிப் பார்ப்பார் என்று சித்தப்பா சொன்னது உண்மைதான். பார்க்கட்டும். பதினேழு வயதில் மாதவிடாய்க் கப்பைப் பற்றிப் பதற்றமில்லாமல், பயமுறுத்தாமல், வரிசை பிசகாமல் எழுதியிருக்கிறாள். மருத்துவக் கருவி நிறுவனம் எதிலாவது ஆள் எடுக்கும் வேலையில் நான் இருந்தால் அந்த ஒரு கட்டுரையைப் பார்த்தே நேர்காணலுக்குக் கூப்பிடுவேன். அதற்காக முகம் சுளிக்கிற இடத்தில் அவள் வேலை பார்க்கவே வேண்டாம்.

பாதுகாப்பு வேறு விஷயம், அதில் அந்த அம்மாவின் கவலை சரியானது. வீட்டுத் தெரு, கைப்பேசி எண், கல்லூரிக்குப் போகும் பஸ் நேரம் எதுவும் எழுத்தில் வரக் கூடாது. யாராவது படத்தைத் திரித்தாலோ மிரட்டினாலோ அழிக்காமல் அப்படியே சேமித்து வைத்துக்கொண்டு சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுக்க வேண்டும். 1930 என்ற எண்ணில் கூப்பிடலாம். அந்தச் சமயத்தில் "நீ ஏன் எழுதினே" என்று வீட்டில் யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் அடுத்த முறை உங்களிடம் சொல்லவே மாட்டாள்.

கிளம்பும்போது பெண்ணுக்கு ஒரு வேலை கொடுத்தேன். கடையில் விற்கும் ஒரு குதிரைத்திறன் மோனோபிளாக் மோட்டாரை, அதாவது பம்பும் மோட்டாரும் ஒன்றாகச் சேர்ந்ததை, முதல்முறை ஓட்டுவது எப்படி என்று ஒரே பக்கத்தில் எழுத வேண்டும். அப்பா அந்தக் காகிதத்தை மட்டும் பார்த்துச் செய்ய வேண்டும். தெரிந்ததைத் தெரியாத மாதிரி மறந்துவிட்டு, எழுதியதை மட்டும் செய்ய வேண்டும். அவள் பக்கத்தில் நிற்கலாம், வாயைத் திறக்கக் கூடாது.

பத்து நாள் கழித்து அப்பாவே பேசினார். முதல் தடவை ஐந்தாவது படியிலேயே நிறுத்திவிட்டாராம். "ஊத்துன தண்ணில காத்துக் குமிழி நிக்கற வரைக்கும் ஊத்தணும்னு எழுதிருந்தா மேடம், சரி. மூடியை இறுக்குன்னு இருந்துது, அதுவும் சரி. ஆனா சுவிட்சைப் போடறதுக்கு முன்னாடி தண்ணி வெளிய போற டெலிவரி கேட் வால்வை மூடி வெக்கணும்ல, அது இல்ல. புதுசா வாங்கிட்டுப் போறவன் அப்படியே போட்டா மோட்டாருக்குச் சுமை." அவள் திருத்தி எழுதியிருக்கிறாள். மூன்றாவது தடவை எழுதிய தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறாராம். வாங்குகிறவர்களுக்குக் கொடுக்க ஐம்பது நகல் எடுக்கலாமா, கீழே அவள் பெயரைப் போடலாமா என்று கேட்டார்.

போடுங்கள் என்றேன். கல்லூரி விண்ணப்பத்துக்கு இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது, அதை முதலில் முடியுங்கள் என்றும் சொன்னேன்.